குடிக்கணக்கும் குலப்பெயரும்: சென்னை மாகாண ஆட்சியாளர் வகுத்த தாழ்த்தப்பட்டோர் வகைப்பாடு, 1871–1936

முன்னுரை

ஒரு குடிக்கு வழங்கும் பெயர் அக்குடியார் தாமே இட்டுக்கொண்டதாகவும் இருக்கலாம். பிறர் இட்டதாகவும் இருக்கலாம். பிறர் இட்ட பெயர் அரசாங்க ஏட்டில் ஏறிவிடுமாயின், அது வெறும் பெயராக நில்லாது. நிலம் பெறுதலும், பள்ளியிற் சேர்தலும், வாக்களித்தலும் அப்பெயரைப் பற்றியே அமையும். ஆங்கில ஆட்சிக் காலத்துச் சென்னை மாகாணத்தில் பறையர் முதலிய குடியினர் ஒரு நூற்றாண்டுக்குள் பறையர், பஞ்சமர், ஆதிதிராவிடர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர், புறச்சாதியார், பட்டியல் சாதியார் எனப் பல பெயர்களால் எழுதப்பட்டனர். பெயர் மாறியபோதெல்லாம் அவர்களைப் பிரித்தறிதற்கு ஆட்சியாளர் கொண்ட அளவுகோலும் மாறிற்று.

அவ்வளவுகோல்கள் யாவை, அவை எவ்வாறு மாறின, அம்மாற்றத்தில் வகைப்படுத்தப்பட்டோர்க்கு இருந்த பங்கு யாது என்பவற்றை 1871 முதல் 1936 வரையுள்ள காலப்பகுதியில் வைத்து ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குடிக்கணக்கிற்கு முன்

சாதியை இன்றைய வடிவில் உருவாக்கியது ஆங்கில ஆட்சியே என்பார் உளர். நிக்கலஸ் டர்க்ஸ் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பெரிதும் வலியுறுத்தியது. தமிழ்நாட்டுச் சான்றுகளை நோக்குவார்க்கு இக்கொள்கை ஒருபாதி உண்மையாகவே தோன்றும்.

பறையன் என்னும் குடிப்பெயர் புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய 335-ஆம் பாட்டில் இடம்பெறுகின்றது. ஆண்டு அது இழிவுப் பொருளில் வரவில்லை. பழங்குடி நான்கனுள் ஒன்றன் பெயராகவே வருகின்றது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை வேறாகிவிட்டது. முதல் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு விட்ட ஊர்களைக் கூறும் கல்வெட்டுக்கள், இறை நீங்கிய நிலங்களைக் கழித்துரைக்குமிடத்துப் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. எனவே, குடியிருப்பாற் பிரிக்கும் வழக்கமும் தீண்டாமை என்னும் கருத்தும் ஐரோப்பியர் வருகைக்குப் பல நூற்றாண்டுகட்கு முன்னரே நம் நாட்டில் வேரூன்றியிருந்தன என்பது தெளிவு.

கும்பினியார் ஆட்சியின் தொடக்கத்தில் இம்மக்களைப் பற்றிய வினா, சாதி பற்றிய வினாவாக எழவில்லை. நிலத்தையும் உழைப்பையும் பற்றிய வினாவாகவே எழுந்தது. எல்லிசு துரை மிராசு உரிமையைப் பற்றி ஆராய்ந்தார். 1819-இல் வருவாய் வாரியம் அடிமை முறையைப் பற்றி மாவட்டக் கலெக்டர்களிடம் அறிக்கை கேட்டபோது, தமிழ் மாவட்டங்களிற் பறையரும் பள்ளரும் வேளாண்மை அடிமைகளாய் இருந்தமை எழுத்தில் ஏறிற்று. 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை உரிமைக்கு நீதிமன்றங்களில் இடமில்லாமற் செய்தது. ஆயினும் பண்ணையாள், படியாள் என்னும் பெயர்களில் அவ்வுறவு தொடர்ந்தது. ‘அடிமை’ என்னும் வகை சட்டத்தினின்று நீங்கிய பின்னர், அம்மக்களைக் குறிக்க அரசாங்கத்திடம் எஞ்சியது சாதிப்பெயர் ஒன்றே. உழைப்பின் கொடுமையாகக் காணத்தக்கது சமய வழக்கின் கொடுமையாக மட்டும் காணப்படுதற்கு இஃது ஒரு காரணமாயிற்று.

இதற்கிடையே அச்சாதிப்பெயர் கடல் கடந்தும் சென்றது. 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்பியேர் எழுதிய கதையாலும், 1821-இல் தெலவீஞ் இயற்றிய நாடகத்தாலும் ‘பரையா’ என்னும் சொல் ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்டோன் என்னும் பொதுப்பொருளைப் பெற்றது. தமிழ்க் குடியொன்றன் பெயர் உலக மொழிகளில் வசைச்சொல்லாகித் திரும்பித் தமிழகத்து அரசாங்க ஏடுகளுக்கே வந்து சேர்ந்தது.

2. தொழிலும் சொற்பிறப்பும்: 1871–1891

மாகாணம் முழுவதற்குமான முதற் பெருங்குடிக்கணக்கு 1871-இல் எடுக்கப்பட்டது. அதன் அறிக்கையை எழுதியவர் சுகாதார ஆணையராய் இருந்த கார்னிஷ் என்பவர். அவர் இந்துக்களைப் பதினேழு பெரும் பிரிவுகளாக வகுத்தார். பிராமணர், சத்திரியர் எனத் தொடங்கும் அவ்வரிசை, வணிகர், வேளாளர், இடையர், கம்மாளர், கணக்கர், கைக்கோளர் எனப் பெரும்பாலும் தொழில்வழியே சென்று, பறையரில் முடிகின்றது. முன்னிரு பிரிவுகள் வருணத்தாற் கொண்டவை; இடைநின்றவை தொழிலாற் கொண்டவை; இறுதிப் பிரிவு இவ்விரண்டனுள் எதனையும் சார்ந்ததன்று. உழுதலே தொழிலாக உடைய பறையரை உழவர் பிரிவிற் சேர்க்காது தனியே இறுதியில் வைத்தமையால், தொழிலே அளவுகோல் என்னும் கொள்கை அவ்விடத்தே முறிந்துவிடுகின்றது.

பிறிதொரு குறையும் உண்டு. அக்காலத்துச் சென்னை மாகாணம் கஞ்சம் முதல் திருநெல்வேலி வரையும், மேலைக் கடற்கரையில் மலபார், தென்கன்னடம் வரையும் பரந்து கிடந்தது. தெலுங்கு நாட்டு மாலர், கன்னட நாட்டு ஒலையர், தமிழ்நாட்டுப் பள்ளர், சக்கிலியர் ஆகியோர் தம்முள் மொழியாலும் வழக்கத்தாலும் வேறானவர். தமிழ்நாட்டு வலங்கை இடங்கைப் பிரிவில் பறையரும் சக்கிலியரும் எதிரெதிர் அணியினர். இவ்வேறுபாடுகளையெல்லாம் விடுத்துத் தமிழ்க் குடியொன்றன் பெயரை மாகாணம் முழுவதற்கும் பொதுப்பெயராக ஆட்சியாளர் கொண்டனர்.

1881-இன் கணக்கு மக்கைவர் பொறுப்பிலும், 1891-இன் கணக்கு ஸ்டூவர்ட் பொறுப்பிலும் நடைபெற்றன. ஸ்டூவர்ட் வரலாற்று நாட்டம் உடையவர். இராசராசன் காலத்துக் கல்வெட்டுக்களில் இக்குடியார் உழவர் எனவும் நெசவர் எனவும் பிரிவுபட்டிருந்தமையை எடுத்துக்காட்டிப் பறையடித்தல் இவர்களுள் ஒரு சிறு பிரிவினர்க்கே தொழிலாதலை உணர்த்தினார். திவாகர நிகண்டில் பறையன் என்னும் சொல் இல்லை என்பதையும், புலையன் என்னும் சொல்லே அவ்விடத்து வழங்கிற்று என்பதையும் அவர் சுட்டினார்.

ஈண்டுத் தமிழாராய்ச்சியாளர் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஸ்டூவர்ட்டின் அறிக்கை 1891-ஆம் ஆண்டுக் கணக்கைப் பற்றியது, உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டது 1894-இல். ஆதலின் பறையன் என்னும் பெயரின் தொன்மையை ஸ்டூவர்ட் அறியாமை வியப்பன்று. ஆனால், தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் ஸ்டூவர்ட்டின் கூற்று அப்படியே எடுத்தாளப்படுகின்றது. புறநானூறு அச்சேறிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஓர் அறிக்கையினின்று மற்றோர் அறிக்கை பிறக்கும் முறையில் ஆட்சியாளரின் அறிவு வளர்ந்ததேயன்றி, மூல நூல்களினின்று வளரவில்லை என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

கால்டுவெல் ஐயர் தம் ஒப்பிலக்கணத்தின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், பறையர் திராவிடரே என்பதை நிறுவத் தனிப் பின்னிணைப்பு ஒன்று எழுதினார். அதன் முடிபு பெரிதும் பொருந்துவது. எனினும் 1913-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அப்பின்னிணைப்பு நீக்கப்பட்டது. நெடுங்காலம் மூன்றாம் பதிப்பையே கையாண்ட தமிழ் மாணாக்கர் பலர், அப்படி ஒரு வினா எழுப்பப்பட்டதையே அறியாதிருந்தனர். வகைப்பாட்டின் வரலாற்றில் எழுதியதைப் போலவே விடுபட்டதும் ஒரு செய்தியே.

3. தீட்டும் மூக்களவும்: 1901

1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின் தலைவர் ரிஸ்லி, சாதிகளைச் சமூக உயர்வுதாழ்வு வரிசையில் நிறுத்துமாறு மாகாணங்கட்குப் பணித்தார். சென்னையில் இப்பணி பிரான்சிஸ் என்பவரிடம் வந்தது. அவர் வகுத்த பிரிவுகளில் தாழ்ந்தனவெனக் கொண்டவற்றிற்கு அளவுகோல் இரண்டு: ஒன்று, தீட்டு, மற்றொன்று, மாட்டிறைச்சி உண்டல். தொட்டால் தீட்டாவோர், தொடாமலே தீட்டாவோர், மாட்டிறைச்சி உண்போர், உண்ணாதோர் என இவ்விரண்டையும் பெருக்கிப் பிரிவுகள் அமைக்கப்பட்டன.

தீட்டு என்பது ஒருவர் உடம்பில் இருக்கும் பண்பன்று. மற்றொருவர் கொள்ளும் கருத்து. ஒரே குடியினர் ஓர் ஊரில் தொட்டால் தீட்டாகவும், மற்றோர் ஊரில் இத்தனை அடித் தொலைவில் தீட்டாகவும் கருதப்பட்டனர். மலையாள நாட்டு வழக்கு வேறு. தொண்டைநாட்டு வழக்கு வேறு. இவற்றை ஒரே பட்டியலில் நிறுத்தியபோது, ஊர்தோறும் நெகிழ்ந்து கிடந்த வழக்கம் மாகாணம் முழுவதற்கும் உரிய விதிபோலத் தோற்றம் பெற்றது. ஊர்களிற் கணக்கெடுத்தவர் பெரும்பாலும் கர்ணம் முதலிய கிராம அதிகாரிகள். யார் யாரால் தீட்டு என்று கூறியவரும் எழுதியவரும் தீட்டுப் பார்ப்பவரே. தீட்டுக்கு உள்ளானவரை ஒருவரும் வினவினாரில்லை.

இக்காலத்தேதான் உடலளவு நூலும் இத்துறையிற் புகுந்தது. மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டுச் சாதியின் உயர்வு தாழ்வைக் காணலாம் என ரிஸ்லி கருதினார். சென்னை அருங்காட்சியகத் தலைவராய் இருந்த தர்ஸ்டன் மாகாணத்தின் பல பகுதிகளிலும் மக்களை அளந்தார். அளவுகளோ, அக்கொள்கைக்கு உறுதுணையாக அமையவில்லை. ஒரே சாதியினுள் காணும் வேறுபாடு சாதிகட்கிடையே காணும் வேறுபாட்டைப் போலவே பெரிதாய் இருந்தது. பிற்கால அறிஞர் இக்கொள்கையை முற்றும் கைவிட்டனர்.

4. பத்து வினாக்கள்: 1911

1906-இல் ஆகாகான் தலைமையிற் சென்ற முசுலிம் தூதுக்குழு, இந்துக்களின் தொகையிற் சேர்க்கப்படுவோர் யாவரும் இந்துக்களா என்னும் ஐயத்தை எழுப்பியது. 1909-இன் சீர்திருத்தச் சட்டம் தனித்தொகுதிகளை அளித்தபின், தொகை என்பது அரசியல் வலிமையாயிற்று. இச்சூழலில் 1911-ஆம் ஆண்டுக் கணக்கின் தலைவர் கெயிட், இந்துக்கள் எனப்படுவோருள் வேறுபட்டு நிற்போரைத் தெரிந்துகொள்ளப் பத்து வினாக்கள் வகுத்தார். பிராமணர் உயர்வை மறுப்பவரா? பிராமணரிடத்தோ இந்துக் குரு ஒருவரிடத்தோ மந்திரம் பெறாதவரா? வேதத்தை ஏற்காதவரா? பெருந்தெய்வங்களை வணங்காதவரா? நல்ல பிராமணர் புரோகிதம் செய்யப்பெறாதவரா? பிராமணப் புரோகிதரே இல்லாதவரா? கோயிலின் உட்புகத் தடுக்கப்பட்டவரா? தொட்டாலோ அணுகினாலோ தீட்டாவோரா? இறந்தோரைப் புதைப்பவரா? மாட்டிறைச்சி உண்டு பசுவைப் போற்றாதவரா? இவையே அப்பத்து.

வேதத்தை ஏற்கின்றனையா என்பது, வேதத்தைக் கேட்கவும் உரிமை மறுக்கப்பட்ட உழவனிடம் கேட்கத்தகும் வினா அன்று. இறந்தோரைப் புதைத்தல் தமிழ்நாட்டில் உயர்ந்தோர் எனப்படும் குடிகள் சிலவற்றிலும் உள்ள வழக்கம். இவ்வினாக்களுட் பெரும்பாலன ஒரு குடியினர் எதனை நம்புகின்றனர், எதனை உண்கின்றனர், எங்ஙனம் புதைக்கின்றனர் என அவர்தம் ஒழுகலாற்றையே வினவுவன. கோயில் நுழைவு பற்றிய வினா முதலிய சிலவே, பிறர் அவர்க்குச் செய்வது யாது என்பதை வினவுவன. இவ்விருவகையும் ஒருங்கே கலந்து கிடந்தமையே இப்பட்டியலின் பெருங்குறை. ஆயினும், பின்னர் வளர்ந்த நல்ல அளவுகோலின் வித்தும் இதனுள்ளேயே கிடந்தது.

இதே 1911-ஆம் ஆண்டில் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டது. பிறப்பையே குற்றத்திற்குச் சான்றாகக் கொண்ட அச்சட்டத்தை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் கள்ளர் பலர் உயிர் துறந்தனர். சென்னையில் அது 1947-இல் நீக்கப்பட்டது. அதன் வரலாறு தனியே ஆராயத்தக்கது. வகைப்பாட்டின் வன்மை எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் ஈண்டுக் குறிக்கப்பட்டது.

5. நிலமும் பள்ளியும்

கணக்கெடுப்பு ஒருபுறம் நிகழ, ஆட்சித்துறை மற்றொருபுறம் தனக்குரிய வகைகளை வகுத்தது. செங்கற்பட்டுக் கலெக்டராய் இருந்த திரெமென்கீர் 1891-இல் அம்மாவட்டத்துப் பறையரைப் பற்றி அறிக்கை எழுதினார். சாதியைப் பற்றி எழுதப்புகுந்தும், அவர் கண்டது நிலமின்மையும் கடனும் குடியிருப்பு மனையின்மையுமே. குடியிருக்கும் மனையும் மிராசுதாரர்க்கு உரியதாகலின், கூலி உயர்த்திக் கேட்பவன் வீட்டையும் இழப்பான் என்பதை அவர் உணர்ந்தார். 1892-ஆம் ஆண்டின் அரசாணை இதனைப் பின்பற்றி நிலம் வழங்க வழிசெய்தது. அந்நிலங்கள் பின்னாளிற் பஞ்சமி நிலம் என்னும் பெயரால் அறியப்பட்டன. 1893-இல் கல்வித்துறையும் இவர்தம் பிள்ளைகட்குச் சிறப்பு உதவிகளை வகுத்தது.

இவ்வாணைகளில் ‘பஞ்சமர்’ என்னும் சொல் பரவிற்று. நால்வருணத்துக்கும் புறத்தே நிற்கும் ஐந்தாமவர் என்பது இதன் பொருள். பறையர் என்பதை ஒப்பநோக்க இஃது இழிவு குறைந்த சொல் எனக் கருதியே ஆட்சியாளர் இதனைக் கொண்டனர் போலும். ஆயின், நால்வருணக் கொள்கை தமிழ்நாட்டுச் சமூகத்துக்கு முழுதும் பொருந்தாதது. பொருந்தாத கொள்கையின் புறத்தே ஒரு பெருங்கூட்டத்தை நிறுத்திய பெயர் இது. 1920-ஐ ஒட்டி இம்மக்களின் நலம் தொழில் ஆணையர் பொறுப்பில் வந்ததும், அத்துறை நடத்திய பள்ளிகள் ‘லேபர் பள்ளிக்கூடம்’ என்றே மக்கள் வாயில் வழங்கின. அடிமை என்னும் வகை மறைந்து எண்பது ஆண்டுகட்குப் பின், உழைப்பு என்னும் சொல் வேறு வாயில் வழியாக மீண்டும் வந்து சேர்ந்தது.

6. வகைப்படுத்தப்பட்டோர் மறுமொழி

இவ்வளவும் கூறியதனால், வகைப்படுத்தப்பட்டோர் வாளா இருந்தனர் எனக் கொள்ளுதல் தவறாம். அயோத்திதாச பண்டிதர் 1891-இல் திராவிட மகாசன சபையைத் தோற்றுவித்தார். பறையர், பஞ்சமர் என்னும் இரு பெயரையும் அவர் மறுத்துச் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்றே எழுதவேண்டும் என வற்புறுத்தினார். இம்மக்கள் பண்டைப் பௌத்தரே என்பது அவர் துணிபு. 1907-இல் தொடங்கிய அவர்தம் ‘தமிழன்’ இதழில் இக்கருத்துத் தொடர்ந்து விளக்கப்பட்டது. அவர் கூறிய சொற்பிறப்புக்கள் பலவற்றை மொழிநூலார் ஏற்கமாட்டார். எனினும், பெயரிடும் உரிமை ஆட்சியாளர்க்கு உரியதன்று, அப்பெயரால் அழைக்கப்படுவார்க்கே உரியது என்னும் அவர்தம் அடிப்படை வாதம் அசைக்க முடியாதது.

இரட்டைமலை சீனிவாசனார் கொண்ட வழி இதற்கு மாறானது. 1893-இல் தாம் தொடங்கிய இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் சூட்டினார். இழித்துரைக்கப்படும் பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்டல் இயலாது. அப்பெயரோடே முன்வந்து நிற்றல் வேண்டும் என்பது அவர் கருத்து. பெயரை மாற்றுவதா, பெயரின் பொருளை மாற்றுவதா என்னும் இவ்விவாதம் ஒரு தலைமுறைக் காலம் நிகழ்ந்தது. எம். சி. இராசா சட்டமன்றத்தில் எடுத்த முயற்சியின் பயனாக 1922-இல் பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களுக்கு மாற்றாக ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்னும் பெயர்களை அரசாங்கம் ஏற்றது. 1921-இல் ஆதிதிராவிடர் எனத் தம்மைப் பதிந்தோர் சிறுதொகையினரே. 1931-இல் அவர் தொகை பல இலக்கமாகப் பெருகிற்று. கணக்கெடுப்போர் வகுத்த பத்தியில், கணக்கிடப்பட்டோர் தாம் தேர்ந்த பெயரை எழுதச்செய்தனர்.

நாடார் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. கால்டுவெல் 1849-இல் எழுதிய திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூலையும் கணக்கறிக்கைகளின் வரிசையையும் எதிர்த்து அவர்கள் நெடுங்காலம் விண்ணப்பித்தனர். 1921-இல் நாடார் என்னும் பெயர் அரசாங்க ஏட்டில் ஏற்கப்பட்டது. அவர்கள் வரிசையில் மேலிடம் வேண்டினர். அயோத்திதாசரோ, வரிசையே வேண்டா என்றார்.

7. நடத்தையினின்று தடைக்கு: 1931–1936

1931-ஆம் ஆண்டுக் கணக்கின் தலைவர் ஹட்டன், தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதை விடுத்துப் ‘புறச்சாதியார்’ என்னும் பொருள்படும் தொடரைக் கொண்டார். பிராமணர் பணிசெய்கின்றனரா, நாவிதர் முதலியோர் பணிசெய்கின்றனரா, நீர் பெறப்படுகின்றதா, சாலை, ஓடம், கிணறு, பள்ளி ஆகியவற்றைப் பயன்படுத்த இயலுமா, கோயிலுட் புக இயலுமா, கற்றவர் ஒருவர் அக்குடியிற் பிறந்தவராயின் அவரைப் பிறர் ஒப்ப நடத்துகின்றனரா என்பன போன்றவை அவர் வகுத்த வினாக்கள். கல்லாமை வறுமைகளால் மட்டும் தாழ்ந்தோரை இவரினின்று பிரித்தறியவும் அவர் முயன்றார்.

1901-இன் அளவுகோலையும் 1931-இன் அளவுகோலையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் அடிப்படை மாற்றம் புலனாகும். முன்னது, இவன் என்ன உண்கின்றான் என்று கேட்டது. பின்னது, இவனுக்குக் கிணறு திறந்திருக்கின்றதா என்று கேட்டது. முன்னதில் இழிவுக்குக் காரணம் இழிவுபடுத்தப்பட்டவனிடமே தேடப்பட்டது. பின்னதில் தடுப்பவன் செயல் ஆராயப்பட்டது. தீட்டு என்னும் கருத்து உரிமைத்தடை என்னும் கருத்தாக மாறிய இடம் இதுவே. இம்மாற்றம் அதிகாரிகளின் அறிவால் மட்டும் விளைந்ததன்று. பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் உரிமை வேண்டி இம்மக்கள் நடத்திய இயக்கங்களே வினாவை மாற்றின என்று கொள்ளுதல் பொருந்தும்.

அளவுகோலைப் பொறுத்துத் தொகை மாறும். தொகையைப் பொறுத்து இடங்கள் மாறும். அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் வட்டமேசை மாநாட்டில் அளித்த துணை விண்ணப்பத்தில் பெயர் மாற்றமும் ஒரு கோரிக்கையாக இடம்பெற்றமைக்கு இதுவே காரணம். 1932-இல் பிரதமர் மக்டொனால்டு அளித்த தீர்ப்பு சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 18 இடங்களைத் தனித்தொகுதிகளாக ஒதுக்கியது. அவ்வாண்டே ஏற்பட்ட பூனா ஒப்பந்தம் கூட்டுத்தொகுதி முறையில் அதனை 30 ஆக்கிற்று. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதிகள் என்னும் பெயரை வழங்க, 1936-இல் அப்பட்டியல் ஆணையாக வெளிவந்தது.

அவ்வாணை கிறித்தவர் எவரையும் பட்டியல் சாதியினராகக் கொள்ளலாகாது என விதித்தது. 1950-ஆம் ஆண்டு ஆணையும் சமயத்தை ஒரு வரம்பாகக் கொண்டது. 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் அவ்வரம்பினுட் சேர்க்கப்பட்டனர். தேவாலயத்தினுள்ளும் கல்லறையிலும் தனியே பிரிக்கப்பட்டோர், சட்டத்தின் கண்ணில் அப்பிரிவிற்கு உட்படாதோராயினர். உரிமைத்தடையை அளவுகோலாகக் கொண்ட வகைப்பாட்டினுள் 1911-இன் சமய வினா எச்சமாய் நின்றுவிட்டமைக்கு இஃது எடுத்துக்காட்டு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. தீண்டாமையை ஆங்கில ஆட்சியாளர் படைக்கவில்லை. ஊர்வழக்காய்க் கிடந்ததை மாகாண விதியாக்கி, நிலத்தையும் உழைப்பையும் பற்றிய கொடுமையைச் சாதி வழக்காகச் சுருக்கி எழுதினர் என்பது ஒன்று. அவர்கள் கொண்ட அளவுகோல் தொழில், தீட்டு, சமயம், உரிமைத்தடை என அறுபது ஆண்டுகளில் மாறிற்று. அவற்றுள் இறுதியதே உண்மைக்கு அணித்தானது என்பது இரண்டு. அம்மாற்றத்திற்கு வகைப்படுத்தப்பட்டோரே பெரிதும் காரணராவர் என்பது மூன்று.

இவ்வரலாறு முடிந்துவிடவில்லை. பள்ளர் முதலிய ஏழு பிரிவினரைத் தேவேந்திரகுல வேளாளர் என ஒரு பெயரால் வழங்க 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1931-க்குப் பின் எல்லாச் சாதிகளையும் எண்ணும் கணக்கு நிகழாதிருந்த நிலையில், அடுத்த குடிக்கணக்கில் சாதியும் கேட்கப்படும் என 2025-இல் நடுவணரசு அறிவித்தது. மீண்டும் பத்திகள் வகுக்கப்படும்; பெயர்கள் எழுதப்படும். அப்போது கேட்கவேண்டிய வினா, இவர் யார் என்பது மட்டுமன்று. இவர்க்கு எது இன்னும் அடைபட்டுக் கிடக்கின்றது என்பதுமாம்.